கவிழ்க்க வேண்டிய சீட்டு

2025 ஜூலை 8, செவ்வாய்

பள்ளியில் இணையம் போய்விட்டது. மாணவர் வருகையை எல்லாம் கையால் எழுதி முடித்து, மெர்லிமாவ் கடைத்தெருவில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர நாலேமுக்கால். இவர் குளித்து, தலை சீவி, வேலைக்குப் போகிறவர் மாதிரி வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வி, "வாங்கினனீரோ?" தேத்தண்ணி கூடக் கேட்கவில்லை.

பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. லேசானது, தப்பித்துவிட்டார் என்றார்கள். நடக்கிறார், பேசுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். இடது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் மாவு பிசையச் சொன்னாள். "நான் என்ன பாலர்பள்ளிப் பிள்ளையோ?" என்று முறைத்துவிட்டு, சீட்டு ஆடுகிறேன் என்று தானாகவே சொல்லிவிட்டார். போக்கராம். பகாங் காட்டில் நில அளவைக்குப் போன காலத்தில், மழை விடாத நாட்களில் கூடாரத்துக்குள் ஆடியதாம். இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எங்கள் அப்பா வீட்டில் சீட்டுக்கட்டு வாசற்படி ஏறியதில்லை.

காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூலை 10, வியாழன்

எனக்கு விளங்கிய அளவில்: ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்கக் கூடாது. நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொது. ஆக ஏழில் யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவர் ஜெயித்தார். ஆனால் முக்கால்வாசி ஆட்டம் அந்த முதல் இரண்டு சீட்டிலேயே முடிந்துவிடுகிறது. நல்ல சீட்டென்றால் வில்லைகளைக் கூட்டி வைத்து ஏற்றலாம். பிடிக்கவில்லையென்றால் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். நான் கவிழ்ப்பதே இல்லை. வீடு தேடி வந்த சீட்டைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

இடது கையால் பிடிக்க முடியாமல் இவர் சீட்டைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். மகளின் பழைய சொல்விளையாட்டுப் பெட்டியில் எழுத்து அடுக்கும் மரப்பலகை கிடந்தது. அதை இவர் முன்னால் வைத்து இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடுகிறேன். முகம் அவருக்கு, முதுகு எனக்கு. கலைப்பது, போடுவது, பொறுக்குவது எல்லாம் நான். சம்பளம் இல்லாத வேலைகளில் இன்னும் ஒன்று.

ஜூலை 13, ஞாயிறு

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணர் தெங்கேராவிலிருந்து வந்தார். இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு பின்னேரம் அவருக்குப் போக இடமில்லை. இனி வாராவாரம் வருகிறாராம். மூன்று பேர் ஆனதும் ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. எனக்குத்தான் தோல்வி மேல் தோல்வி.

இவர் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். எழுதிக்கொள்ளவும் சொன்னார், எழுதுகிறேன். மோசமான சீட்டு ஆபத்தில்லையாம், அதை யாரும் நம்புவதில்லை. ஆபத்து, பார்க்க அழகாக வருகிற சீட்டில்தான். ஏஸோடு ஒரு சின்னச் சீட்டு வரும். ஏஸைக் கண்டதும் புதிதாக ஆடுகிறவர்கள் பல்லெல்லாம் தெரிய ஏற்றிவிடுவார்கள். "எதிராளிக்கும் ஒரு ஏஸ் இருந்தால்? அப்ப பக்கத்துச் சீட்டுத்தான் பேசும். உம்மடை பக்கத்தில ஒரு நாலு நிண்டால் அது என்ன பேசும்?" கவிழ்க்க வேண்டும். கிங்கோடு ஜாக் வந்தாலும் அதே கதை. கிங்கோடு சின்னது வந்தால் கேட்கவே வேண்டாம். சின்ன ஜோடி, இரண்டு ஐந்து, இரண்டு ஆறு, இப்படி வந்தால் கவிழ்க்கக் கூடாது, மலிவாக இருந்து பார்க்கலாம். அதே எண்ணில் மூன்றாவது நடுவில் விழுந்தால் கொண்டாட்டம், விழாவிட்டால் கவிழ்த்துவிட வேண்டும்.

இவ்வளவு நிதானமான மனிதரோடா நான் இத்தனை வருடம் இருந்தேன்?

ஜூலை 18, வெள்ளி

இன்று ஏழு முறை கவிழ்த்தேன். "பரவாயில்லை, புத்தி வருகுது" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த இரண்டாவது பாராட்டு.

ஜூலை 24, வியாழன்

என்ன நியாயம் இது? கிங்கோடு சின்னது வந்தால் கேட்கவே வேண்டாம் என்றவர், இன்று கிங்–ஏழு வைத்துக்கொண்டு வில்லைகளை அள்ளி வைத்தார். நான் கிங்–குயின். ஜெயித்தேன். கடைசியில் அவர் சீட்டைத் திருப்பிக் காட்டும்போது அந்த ஏழாம் எண் சீட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். நான் கேட்டதற்கு, "சும்மா உம்மைப் பயப்படுத்திப் பாத்தன்" என்றார். போக்கரில் அதுவும் உண்டாம்.

முந்தாநாள் இப்படித்தான் குயின்–இரண்டு. உபதேசம் எனக்கு மட்டும் போலிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

அவர் ஆடுகிற மாதிரியே ஆடிப் பார்க்கலாம் என்று ஏஸ்–மூன்றோடு ஏற்றினேன். ஸ்ரீ அண்ணர் ஏஸ்–பத்து வைத்திருந்தார். மொத்த வில்லையும் போயிற்று. இவர் தலையில் அடித்துக்கொண்டார். "எத்தினை தரம் சொன்னனான்!" நீங்கள் மட்டும் ஆடலாமோ என்று கேட்டேன். "நான் எப்ப ஆடினனான்?" என்றார். முகத்தில் பொய் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

சாப்பாட்டிலும் கோபம் வந்தது. புட்டும் சொதியும் கத்தரிக்காய்ச் சம்பலும் வைத்தேன். சம்பலைத் தொடவே இல்லை. நோய் வந்த பிறகு என் சமையலில் தினமும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. உப்புக் குறைத்துச் செய்கிறேன்தான், அதற்காக வாயில் வைத்துப் பார்க்கக் கூடாதா? கேட்டால், "சம்பல் வைச்சனீரோ?" என்கிறார். நக்கல்.

ஆகஸ்ட் 2, சனி

காரை எடுத்துவிட்டார். அடுத்த செவ்வாயல்ல, அதற்கடுத்த செவ்வாய் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரைக்கும் ஓட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். பேட்டரி செத்துவிடுமாம், வீட்டுவரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாராம். திரும்பி வரும்போது கேட்டில் உரசி, இடது பக்கக் கண்ணாடி மடங்கிப்போய் நின்றது. "கேட் கோணலாய் நிக்குது, ஆளைக் கூப்பிட்டு நிமித்த வேணும்." பதினெட்டு வருடமாக அதே கேட்தான். அதே கோணல்தான்.

நான் போய்க் கண்ணாடியை விரித்துவிட்டு வந்தேன். வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருக்கிற மனிதர். ஐம்பத்தேழு வயதில் வீட்டில் உட்கார் என்றால் அவர் பாதி செத்துவிடுவார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செய்யக் கூடாத ஒன்றைச் செய்கிறேன். அவர் கவிழ்த்த சீட்டைப் பொறுக்கும்போது முகத்தைப் பார்த்துவிடுகிறேன். கற்றுக்கொள்ளத்தான் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது பயத்தில் பார்க்கிறேன்.

இன்று ஏஸ்–ஆறு கவிழ்த்தார். சரி, பாடப்படி. கிங்–நாலு கவிழ்த்தார். அதுவும் சரி. பிறகு மூன்று–ஏஸ் வந்தபோது ஏற்றினார். எட்டு–கிங், ஏற்றினார். இரண்டு ஐந்து, ஜோடி, மலிவாக இருந்து பார் என்று எனக்குச் சொன்ன அதே சின்ன ஜோடி, அதை யோசிக்காமல் கவிழ்த்துவிட்டார். பலகையில் நின்ற வரிசைப்படியே எழுதியிருக்கிறேன், அவருக்கு இடது முதலில்.

ஒரே சீட்டுக்கு ஒரு நாள் ஒரு நியாயம், மறுநாள் வேறு நியாயம். மறதியா? மூளை எங்காவது தளர்ந்துவிட்டதா? பிள்ளையாரே, அது மட்டும் வேண்டாம். நேற்றுப் பேச்சுவாக்கில் முப்பது வருடத்துக்கு முந்திய எல்லைக் கல் எண்களை வரிசையாகச் சொன்னாரே. மறதி அப்படியா இருக்கும்?

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியம் சுலைஹா பள்ளி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறாள், பள்ளிச் சீருடை எல்லாம் அவளிடம்தான் தைக்கக் கொடுக்கிறோம். துணிக் கணக்குக்கு வந்தாள் என்று நினைத்தேன். உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நேத்து அண்ணன் கார்ல வந்தாரு. நான் லெஃப்ட் ஓரமா மோட்டோல வந்துட்டிருந்தேன். அப்படியே என் மேல சாஞ்சுட்டு வர்றாரு லா. ஹாரன் அடிச்சேன், கையக் காட்டினேன், திரும்பவே இல்ல. நான் பிரேக் போடலன்னா ரோட்டோர லோங்காங்குல, அந்தச் சாக்கடைக்குள்ளதான் கெடந்திருப்பேன். அண்ணனுக்கு என் மேல ஏதும் கோவமா?"

நேற்று நான் பள்ளியில் இருந்த நேரம் மறுபடியும் காரை எடுத்திருக்கிறார்.

கோபம் இல்லையடி என்று சொல்லி அனுப்பினேன். அவள் முழங்கையில் ஒரு சிராய்ப்பு கூட இல்லை. ஆனால் அவள் போன பிறகு ஒரே வரியை நாலு தரம் தட்டச்சு செய்து அழித்தேன். இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் எல்லாம் இடது ஓரமாகத்தானே போகிறது! பள்ளி விடும் நேரத்தில் தாய்மார் முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை வைத்துக்கொண்டு போவதும் அந்த ஓரத்தில்தான்.

வீட்டுக்கு வந்து இந்தக் குறிப்பைத் திருப்பி வாசித்தேன். மூன்று–ஏஸ். ஏஸ் வலது பக்கம். எட்டு–கிங். கிங் வலது பக்கம். ஏஸ்–ஆறில் ஏஸ் இடது, கவிழ்த்தார். பாடப்படி கவிழ்த்தார் என்று நினைத்தேனே, ஏஸைப் பார்த்தே இருக்க மாட்டார். ஆறை மட்டும் பார்த்துத்தான் கவிழ்த்திருக்கிறார். ஐந்து ஜோடியில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஐந்து.

கேட். கண்ணாடி. சம்பல் நான் தட்டில் எந்தப் பக்கம் வைப்பேன்?

இடது பக்கம்தான்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று அவரை ஏமாற்றினேன். கலைக்கிற மாதிரி பாவனை பண்ணிவிட்டு, எனக்கு வேண்டிய சீட்டை வேண்டிய பக்கத்தில் நிறுத்தினேன். இடது ஏஸ், வலது மூன்று: கவிழ்த்தார். கொஞ்சம் பொறுத்து, அதே ஏஸை வலதில் வைத்தேன்: ஏற்றினார். எட்டுத் தரம் இப்படி மாற்றி மாற்றிச் செய்தேன். ஏழு தரம் நான் நினைத்தபடியே நடந்தது. ஒரு தரம் மட்டும் இரண்டையும் கண்டுகொண்டார்.

பிறகு ஒரு சீட்டை மட்டும் இடது ஓரத்தில் வைத்து, இது என்ன என்றேன். "ஸ்பேட் ஒன்பது. ஏன், கண் தெரியேல்லையோ?" அப்படியென்றால் கண்ணில் கோளாறு இல்லை. தனியாக இருந்தால் இடது தெரிகிறது. வலதிலும் ஒன்று வந்து நின்றால் இடதில் இருப்பது அவருக்கு இல்லாமல் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொரு விரலாக ஆட்டித்தான் தெரிகிறதா என்று கேட்டார். இவர் சரியாகத்தானே சொல்லியிருப்பார்?

எல்லாவற்றிலும் ஜெயித்து என் பக்கம் வில்லைகள் குவிந்து கிடந்தன. "கெட்டிக்காரியாயிட்டீர்" என்று சிரித்தார். மனமாரச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நான் ஒரு கோழை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் சின்னப் பெண், பொறுமையான பெண். நடக்கச் சொன்னார், கையை இறுக்கச் சொன்னார், விரலைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா என்று கேட்டார். மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு தரம் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. மிரட்டியிருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஒன்றும் இல்லை டாக்டர்" என்றேன்.

வெளியாள் முன்னால் வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்காதே என்று அம்மா ஊட்டி வளர்த்தது வாயைக் கட்டிவிட்டது. காரோட்டலாம், திங்கள் முதல் வேலைக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. கேட்டார்கள், நான்தான் மறைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தர்மேந்திரன் போன் பண்ணினான். தோட்டங்களில் இவர் அளக்கும்போது அளவைக்கோல் பிடித்து நிற்கிறவன், பதினொரு வருடமாக இவரோடு இருக்கிறான். "மேடம், ஐயா வர்றாருன்னு கேள்விப்பட்டதும் எனக்கு ராத்திரி சோறே எறங்கல, அவ்வளவு சந்தோசம். திங்கக்கெழம விடியக் காலைலயே வந்து நிக்கிறேன். எப்பவும் போல ஐயாவுக்குப் பக்கத்துல ஏறிக்கிறேன்."

பக்கத்தில் என்றால் இவர் ஓட்டுகிற அலுவலக ஜீப்பில் இடது பக்கக் கதவோரம். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் எங்கள் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. காலையில் வகுப்புக்குப் போகும்போது அலுவலகச் சன்னலில் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. அந்தச் சின்னவள் வணக்கம் சொன்னாள், நான் தலையைத் தூக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாடு முடிந்து, தோட்டத்துக்குப் போகும்போது காலில் போடும் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சுலைஹா, கேட், சம்பல், சீட்டு.

சுலைஹா பார்க்காமல் ஓட்டுகிறவளாம். கேட் கோணலாம். சம்பலில் உறைப்பு இல்லையாம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். சீட்டுக்கு வந்ததும்தான் நிறுத்தினார்.

"நீர் சீட்டை அடுக்கினனீரோ?"

"ஓம்."

"என்னோட ஆடேக்கை?"

"ஓம். எட்டுத் தரம்."

நான் சீட்டை அடுக்கியது மட்டும்தான் அவர் காதில் ஏறியது. உங்களுக்கு இடது பக்கம் தெரியவில்லை, ஆளைக் கொன்றுவிடுவீர்கள் என்று நான் கத்துகிறேன், அவர் "இருபத்தெட்டு வருசத்தில நான் உம்மோட ஒரு கள்ள வேலை செய்தனானோ?" என்று கேட்கிறார். சப்பாத்தை அப்படியே போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமே இல்லாமல் சாத்தினார்.

கார்ச் சாவி அவர் சட்டைப் பையில்.

தர்மேந்திரனுக்குச் சொல்லிவிடவா? சொன்னால் இந்த மனிதர் இனி தலை நிமிர்ந்து அந்தத் தோட்டத்துக்குள் போவாரா? சொல்லாமல் விட்டு ஒன்று நடந்தால்? டாக்டரிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு இந்த நரகம் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று காலை பார்த்தால் சாப்பாட்டு மேசையில் வேலைக்குக் கொண்டுபோகும் அளவைப் புத்தகம் திறந்து கிடக்கிறது. பென்சிலால் மூன்று கட்டம் கோடு போட்டிருக்கிறார். இடது மட்டும், வலது மட்டும், இரண்டும். ஒவ்வொன்றிலும் இருபது வரி.

"நான் பிடிக்கட்டோ?" என்றேன்.

"வேண்டாம். நீர் அடுக்கின ஆள். ஸ்ரீ வரட்டும்."

வலித்தது. வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது.

நாலு மணிக்கு ஸ்ரீ அண்ணர் கையில் வாழைப்பழச் சீப்போடு வந்தார், பாவம், வழக்கமான ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு. இவர் அளவுநாடாவை எடுத்து இரண்டு நாற்காலிக்கும் நடுவில் சரியாக ஒரு மீட்டர் பிடித்தார். அண்ணர் இரண்டு கையிலும் ஒவ்வொரு சீட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இவர் அண்ணரின் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணர் நினைத்தபடி இடதையோ வலதையோ இரண்டையுமோ தூக்குவார். எத்தனை தெரிகிறது என்று இவர் சொல்வார், அண்ணர் எழுதுவார். சரி பிழை சொல்லக் கூடாது.

"என்ன நகுலன் இது, பரிசோதனை?" என்று அண்ணர் சிரிக்கப் பார்த்தார்.

"கருவியில பிழை இருக்கெண்டு ஒரு முறைப்பாடு வந்திருக்கு. கருவியோட சண்டை பிடிச்சு வேலையில்லை. எவ்வளவு பிழை எண்டு அளக்க வேணும். இப்ப கருவி நான்."

என்னை அங்கே நிற்க விடவில்லை. சமையலறைக்குள் போய்த் தேங்காய் துருவுகிற மாதிரி நின்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "ஒண்டு." "ஒண்டு." "ஒண்டு." "ரெண்டு." "ஒண்டு." இவர் குரல் ஒரே சீராக வந்தது. அண்ணர் முதலில் ஏதோ முனகினார், பிறகு முனகலும் நின்றுவிட்டது. ஒரு இடத்தில் "நகுலா, போதுமடா" என்றார். இவர், "இன்னும் பதினாலு இருக்கு. தூக்கு" என்றார்.

முடிந்ததும் அண்ணர் எழுந்து பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நான் மேசைக்குப் போனேன். இடது மட்டும்: இருபதுக்கு இருபது. வலது மட்டும்: இருபதுக்கு இருபது. இரண்டும் தூக்கிய இருபதில் பதினாறு தரம் "ஒண்டு" என்று சொல்லியிருக்கிறார்.

இவர் அந்தப் பக்கத்தைப் பென்சில் நுனியால் வரி வரியாக எண்ணிச் சரிபார்த்தார். பிறகு எந்த அளவைக்கும் போடுகிற மாதிரி அடியில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். சாட்சிக்கு என்று அண்ணரைக் கூப்பிட்டு அவர் கையெழுத்தையும் வாங்கினார்.

"மூண்டாம் கிழமையே எனக்கொரு சந்தேகம் இருந்தது" என்றார், என்னைப் பார்க்காமல். "கிங்குக்குப் பக்கத்தில ஏழு நிக்கேக்கை. சீட்டுத்தானே எண்டு விட்டன்." புத்தகத்தை மூடிவிட்டு, "நீர் நேர சொல்லியிருக்கலாம்" என்றார்.

"முதல் நாளே சொல்லியிருந்தால் நம்பியிருப்பீங்களோ?"

யோசித்தார். "இல்லை."

தர்மேந்திரனுக்கு அவரே போன் பண்ணினார். "நாளைக்கு வராதை. நான் ஜீப் எடுக்கேல்லை." காரணத்தையும் சொன்னார், ஒளிக்கவில்லை. பிறகு குளிக்கப் போனார். குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் எனக்குக் கேட்டது. கதவைத் தட்டவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அளவைப் புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஸ்ரீ அண்ணர் காரில். அதே டாக்டர். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார், தானும் இரண்டு கையைத் தூக்கிப் பார்த்தார். நான் மறைத்ததை நானே சொன்னேன், இந்தத் தரம் மூச்சு விடாமல். அவர் திட்டவில்லை. நிறையப் பேர் வீட்டில் இது தெரியாமலே இருக்கும் என்றார். இடது பக்கம் கவனத்தைத் திருப்பப் பயிற்சி கொடுப்பார்கள், குணமாகலாம், ஆகாமலும் போகலாம். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கார் இல்லை, ஜீப் இல்லை, எப்போது வரைக்கும் என்று சொல்ல முடியாது.

இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்னும் என்னோடு சரியாகப் பேச்சில்லை. சம்பலைச் சாப்பிட்டார். நான் தட்டைத் திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

அரை நாள் வேலை கொடுத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் அளந்து வந்ததை வரைபடம் ஆக்குவது. தர்மேந்திரன் வந்து கூட்டிக்கொண்டு போகிறான். முதல் நாள் முடிந்து வந்து, "குளிர் அறைக்குள்ள இருந்து கோடு கீறுறன், பொம்பிளைப் பிள்ளையள் தேத்தண்ணி கொண்டு வந்து தருகினம்" என்றார். வெயிலில் கறுத்த அந்த மனிதர் இதைச் சொல்லும்போது முகம் பார்க்க முடியவில்லை. ஆனால் போனார், வந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சீட்டுக்கட்டு இன்றுதான் மறுபடி வெளியே வந்தது. அவர்தான் எடுத்து வைத்தார், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. "ஸ்ரீ கலைக்கட்டும்" என்றார். சரி. பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், மேலொன்றும் கீழொன்றுமாக நிறுத்தச் சொன்னார். இரண்டும் தெரிகிறதாம்.

எனக்கு ஏஸ்–ஐந்து வந்தது. கவிழ்க்க வேண்டும் என்று தெரியும். ஆசை விடவில்லை, ஏற்றினேன். அவர் ஏஸ்–குயின். ஒரு வில்லை மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு போனார். "பக்கத்துச் சீட்டைப் பாரும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் 4, சனி

லைசென்ஸ் எடுத்து இருபத்திரண்டு வருடமாக அலமாரியில் வைத்திருந்தவள் நான். பயிற்சிக்காரரோடு பத்து மணி நேரம் ஓட்டினேன். இன்று முதல்முறையாக இவரை உட்கார்த்திக்கொண்டு செர்காமுக்கு மீன் வாங்கப் போனேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவரே நீட்டினார். கேட்டைக் கடக்கும்போது மூச்சை நிறுத்திக்கொண்டார், எனக்குத் தெரிந்தது. கியர் மாற்றுகிற ஒவ்வொரு தரமும் "ம்" என்றார். பொறுத்துக்கொண்டேன்.

பெரிய சாலைச் சந்திப்பில் நின்றோம். லாரி, பஸ், கார், எந்த இடைவெளியில் நுழைவது என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.

"பதறாதையும்" என்றார். "வலப் பக்கம் நான் பாத்துச் சொல்லுறன். இடப் பக்கம் எனக்குத் தெரியாது, அதை நீர்தான் பாக்க வேணும்."

பார்த்தேன். ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது, பின்னால் ஒரு குழந்தை. அது போகும் வரைக்கும் நின்றேன்.